கொமர் நொக், வருவானாக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளை முப்பந்தல் காற்றாலை வேலையை விட்டுவிட்டு டென்மார்க்கின் யூட்லாந்துக்கு வருகிறான் என்று அறிந்ததில் மிகுந்த சந்தோஷம். குளிர்ச்சட்டை பற்றிக் கவலை வேண்டாம், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். டேனிஷ் இலக்கணம் படிக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். வேற்றுமை, காலம், சொல்வரிசை எல்லாம் புத்தகத்தில் கிடைத்துவிடும். புத்தகம் ஆரம்பத்தில் சொல்லித் தராத ஒன்று உண்டு. அதற்கு அவனுக்கு நம் அருமனைப் பேச்சுதான் கைகொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

டேனிஷ்காரர் பேச்சில் யோ, டா, வெல், நொக், வெஸ்ட், ஸ்கம் என்று சின்னச் சின்னச் சொற்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்தம் இருக்காது, பாதியை விழுங்கிவிடுவார்கள். எடுத்துவிட்டாலும் செய்தி மாறாது. ஆனால் சொல்கிறவர் அந்தச் செய்தியை எந்த அளவுக்கு நம்புகிறார், கேட்கிறவருக்கு அது முன்பே தெரியுமா, மறுத்துப் பேச இடம் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

‘ஹான் கொமர்’ என்றால் அவன் வருவான். அவ்வளவுதான். அதோடு யோ சேர்ந்தால், உனக்கும் தெரிந்ததுதானே என்று கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும். இதற்கு அச்சு அசலான சொல் யாழ்ப்பாணத்தாரிடம் இருக்கிறது: ‘அவன் வருவான் எல்லோ!’ வெல் போட்டால் ‘வருவான்தானே?’ என்று ஓர் ஒப்புதலை எதிர்பார்க்கும். வெஸ்ட் போட்டால் ‘வருவான் போல’. சில இடத்தில் ‘வருவானாம்’. டா கொஞ்சம் முரண்டுபிடிக்கிற சொல். யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள், அதற்கு ‘வராம எங்க போவான்?’ என்கிற மாதிரி.

நொக், ஸ்கம் இரண்டுக்கும்தான் நம் ஊர் வேண்டும். ‘நிக்கட்டு, இப்ப வருவானாக்கும்’ என்று அம்மை சொன்னால் அது ஊகம், கூடவே ஒரு தேறுதல். அதுதான் நொக். ‘அவன் எனக்க மோனாக்கும்’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னால் அது உறுதி. அங்கே ஸ்கம் வரும். ஒரே ஆக்கும், குரலை வைத்து இரண்டு வேலை பார்க்கிறது. டேனிஷிலும் குரல் முக்கியம். நொக்கை அழுத்திச் சொன்னால் ‘போதும்’ என்று பொருள் மாறிவிடும்.

வேலையிடத்தில் இதன் அருமை தெரியும். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். மூத்தவர் முறுக்கி முடித்த போல்ட்டை இளையவர் பார்க்கிறார். ‘இது தளர்ந்திருக்கிறது’ என்றால் அது தீர்ப்பு. இடையில் ஒரு வெஸ்டை வைத்து ‘தளர்ந்திருக்கு போல’ என்றால், மூத்தவர் தானே குனிந்து பார்ப்பார். இலக்கணப் பிழையே இல்லாமல் டேனிஷ் பேசுகிற வெளிநாட்டவர் பலரை ‘கறாரான ஆள்’ என்று இங்கே நினைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்தச் சொற்கள் இல்லாமைதான். ஆனால் தலைக்கு மேல் ஏதாவது விழப்போகிறது என்றால் எந்த அலங்காரமும் வேண்டாம், வெறும் வாக்கியத்தைக் கத்த வேண்டும். இதையும் அவனிடம் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தின் ‘ப்ளீஸ்’ போல எங்கும் ஒட்டவைக்கிற ஒற்றைச் சொல் டேனிஷில் இல்லை. அதனால் இவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. தவறு. அந்த வேலையில் பாதியை ‘லீ’ என்கிற ஓரசைச் சொல் செய்துவிடும். நம் பக்கத்தில் ‘அந்த உப்பை ஒண்ணு எடுங்க’, ‘இஞ்ச ஒண்ணு வாங்க’ என்கிறோமே, அந்த ‘ஒண்ணு’தான் லீ. ஒரு நிமிஷத்து வேலைதான், பெரிய தொந்தரவு இல்லை என்று காட்டுவது. வீட்டில் நாம் யாரிடம் ‘தயவுசெய்து’ என்று பேசினோம்?

எரிக் ஹான்சன், லார்ஸ் ஹெல்டாஃப்ட் இருவரும் எழுதிய டேனிஷ் பேரிலக்கணம் 2011-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. அதில் இந்தச் சொற்களுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் தொல்காப்பியம் இத்தகைய இடைச்சொற்களுக்கென்று இடையியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது: ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு, உம்மைக்கு எட்டு. பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியல், மனிதர் மனிதரோடு பேசும்போது நடப்பதைக் கவனித்து எழுதியது என்பது எனக்கு இங்கே வந்தபிறகுதான் உறைத்தது.

டேனிஷ் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழைத் தொடங்கினார். பத்து வருடத்தில் தமிழ் இலக்கணம் ஒன்றை அச்சிட்டுவிட்டார். பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தது நல்ல வழி. இடைச்சொல் காதால் வருவது.

அண்ணே, ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. சென்னைக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதலில் கழற்றி வைப்பது ஆக்குமைத்தான். ‘மலையாளமா?’ என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்கிற கூச்சம். நம் விளவங்கோட்டுப் பேச்சில் மலையாளம் கலந்திருப்பது உண்மை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்த மண்தானே. அதில் குறை என்ன? ஆக்கும் நாவில் இருந்தால், நொக்கும் ஸ்கமும் எங்கே வேண்டும் என்று பிள்ளையின் காது தானே சொல்லும். தயவுசெய்து அவன் பேச்சைத் திருத்தாதீர்கள்.

வந்ததும் பிராண்டெ ஊரில் உள்ள அபிராமி அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போகிறேன். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வருவார்கள். ஒரே மூச்சில் யோவும் எல்லோவும் அவர்கள் வாயில் வரும். அவர்களோடு நாலு ஞாயிற்றுக்கிழமை பேசட்டும்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். பில்லுண்ட் விமான நிலையத்துக்கு நானே காரோடு வந்து நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி