கடுவனுக்கு எதுக்கு?

பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்படும். சுமார் 9 வாரத்தில் ஈனும். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். எங்கள் தெருவில் அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிடுவார்கள், பெட்டைகளை முதலில்.

அதனால் வீட்டுப் பூனைகள் இரண்டுக்கும் கருத்தடை செய்தேன். "பெட்டைக்குச் சரி, கடுவனுக்கு எதுக்கு?" என்றார் எதிர்வீட்டு அண்ணன். கடுவனுக்கு அது சின்ன அறுவை. பெட்டைக்குத்தான் வயிற்றைத் திறக்க வேண்டும்.

மனிதர்களிலும் ஆணுக்கே எளிது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15–49 வயதுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம்.

"ரெண்டாவது பிரசவத்தோட எனக்கும் பண்ணிட்டாங்க. என்னைக் கேக்கவே இல்ல" என்றார் அண்ணி. பூனையிடம் கேட்க வழியில்லை. அண்ணியிடம் கேட்டிருக்கலாம்.