பின்சீட்டின் பாரம்

வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதியைத் தீர்மானிப்பது அதன் பின்பக்கம். பின் டயரில் காற்று எவ்வளவு, பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் எந்தப் படியில் இருக்கிறது, பின்சீட்டில் எவ்வளவு பாரம், அந்தப் பாரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பவைதான் கணக்கு. நம் ஊர்களில் அந்தப் பாரத்துக்கு உறவுப் பெயர்கள் உண்டு: அம்மா, மனைவி, அக்கா, மகள்.

நான் இருப்பது செஞ்சியில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது எங்கள் கோட்டை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக டூரிங் பைக்குகள் வரிசையாக வரும். டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசுவார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் யார் எவ்வளவு சாய்த்தார்கள் என்று கதை ஓடும். பின்சீட்டில் வந்த பெண்கள் பக்கத்தில் நின்று டீ குடிப்பார்கள். அந்த 70 வளைவுகளிலும் வண்டியின் வால் என்ன செய்தது என்று அவர்களை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான்.

விஷயம் கடினமானதில்லை. வளைவில் வண்டி சாயும்போது சக்கரங்களின் மேல் விழும் பாரம் கூடுகிறது. 30 டிகிரி சாய்ந்தால் சுமார் 15 சதவீதம் கூடுதல். 45 டிகிரியில் 41 சதவீதம். ஒருவருக்காக வைத்த ஸ்பிரிங்கில் இரண்டு பேர் ஏறினால் அது ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கும். வளைவில் இன்னும் அமுங்கும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். முன்சக்கரத்தின் பிடி குறையும், ஃபோர்க்கின் சாய்வு மாறும், வண்டி திரும்ப மறுத்து வளைவின் வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். பின் டயரில் காற்றும் குறைவாக இருந்து, பழைய ஷாக்கில் எண்ணெய் கசிந்து அமுக்கும் சக்தி போயிருந்தால், வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். நொடிக்கு இரண்டு மூன்று முறை ஆடும் அந்த ஆட்டம் வேகம் கூடினால் வலுக்கும். பின் அச்சுக்கும் பின்னால் பெட்டியோ மூட்டையோ கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

இதை முதலில் உணர்வது பின்னால் இருப்பவள். பள்ளத்தில் ஸ்பிரிங் முழுதாக அமுங்கி 'டங்' என்று அடிப்பது அவள் முதுகெலும்பில்தான். "பின்னாடி அடிக்குதுங்க" என்பாள். "நீ வெயிட்டு போட்டுட்ட" என்று முன்னாலிருந்து சிரிப்பு வரும். ஒரு இயந்திரத்தைப் பற்றிய துல்லியமான தகவல் அவள் உடம்பைப் பற்றிய கேலியாகத் திரும்பி வரும். அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள்.

என் அம்மாவும் சொல்லவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஓர் அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்பாவும் அம்மாவும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையை ஒட்டி வலப்பக்கம் திரும்பும் வளைவில் வால் ஆடியது. அப்பா எப்படியோ வண்டியை நிறுத்திவிட்டார். அம்மா பின்பக்கமாக விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஆடாம உக்காந்திருக்கணும்." அம்மாவே நாளடைவில் அப்படித்தான் சொல்லத் தொடங்கினாள். "நான்தான் ஆடிட்டேன்." இன்றைக்கும் அவள் நடக்கும்போது இடது கால் சற்று இழுக்கும்.

ஆடாமல் உட்காருவது என்றால் என்ன? சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்காருகிறார். இரண்டு காலும் இடப்பக்கம். முழங்கால்களால் வண்டியைக் கவ்விப் பிடிக்க வழியில்லை. வலப்பக்க வளைவில் அவள் முதுகு வளைவின் உட்பக்கம் இருக்கிறது. அங்கே சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. இடப்பக்க வளைவில் முகத்துக்கு நேரே தரை. வண்டி சீராகச் சாய்ந்து சீராக நிமிர்ந்தால் இதில் ஆபத்து குறைவு, ஏனென்றால் பாரம் முழுவதும் சீட்டை நோக்கியே அழுத்தும். வால் ஆடினால்தான் அவளுக்குப் பிடிமானம் போகும். ஆட்டத்தை உண்டாக்கக்கூடிய இடத்தில் டயரும் ஸ்பிரிங்கும் இருந்தன. அதைத் தாங்க வேண்டிய இடத்தில் அவள் இருந்தாள்.

சேலையைப் பற்றிச் சட்டம் யோசித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். எத்தனையோ உயிர்களைக் காத்த தகடு அது. ஆனால் பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதைக் கழற்றிப் போடும் இளைஞர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும்.

செஞ்சியில் சவாரி என்றதும் தேசிங்கு ராஜாதான். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தவர். கதைப்பாடலில் அவர் அடக்கி ஏறிய குதிரையின் பெயர் பாராசாரி என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். ராணிப்பேட்டை அவர் நினைவாக வந்த பெயர் என்பார்கள். ஊர்ப்பெயரிலும் அவர் வெறும் ராணிதான்.

தமிழ்ப் பெண்களுக்கும் இரண்டு சக்கரத்துக்குமான வரலாற்றை நாம் முன்சீட்டின் வரலாறாகவே சொல்லியிருக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. இரண்டும் பெரிய காரியங்கள். ஓட்டுவது விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நானும் ஓட்டுகிறேன். ஆனால் இன்று மாலை எங்கள் கூட்டு ரோட்டில் பத்து நிமிடம் நின்று பார்த்தால், கடந்துபோகும் பெண்களில் பாதிக்குமேல் பின்சீட்டில்தான் இருப்பார்கள். அவர்கள் ஓட்டக் கற்கும்வரை அவர்களுடைய பாதுகாப்பு காத்திருக்க முடியாது.

நான் 350 சிசி வண்டி வாங்கிய பிறகு அம்மாவை ஏற்றிப் போக வேண்டும் என்று நினைத்தேன். மெக்கானிக்கிடம் பின் ஷாக்கின் படியை மாற்றச் சொன்னேன். "அண்ணன் வரலியாக்கா?" என்றார். ஓட்டுவது நான்தான் என்றேன். "அதெல்லாம் கம்பெனி செட்டிங், தொட வேணாங்க்கா." கைப்புத்தகத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் கொக்கி ஸ்பேனரை எடுத்தார். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்க ஷாக்கின் அடியில் படிப்படியாக வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் உயரும். ஐந்து நிமிட வேலை.

எந்தப் படி சரி என்று பார்க்க வீட்டிலேயே அளக்கலாம். பின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஓர் அடையாளம். சக்கரம் தரையில் படாமல் நடுஸ்டாண்டில் நிற்கும்போது ஓர் அளவு, ஆட்கள் ஏறிய பிறகு ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். என் வண்டிக்கு அது 3 செ.மீ. நான் மட்டும் ஏறியபோது 2 செ.மீ. அம்மாவும் ஏறியதும் நாலரை. இரண்டு படி ஏற்றினோம், மூன்றரைக்கு வந்தது. டயருக்கு இருவருக்கான காற்றளவு வைத்தோம். என் மகள்தான் டேப்பைப் பிடித்தாள்.

அம்மா இதையெல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எடையைக் கேட்டபோது கூச்சத்தோடு சொன்னாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு உங்கப்பா வண்டியில இதெல்லாம் பாத்தாங்களா?"

பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப நான் ஆடலியா?"

அன்று அந்த டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் காலையிலேயே கேட்டிருக்க முடியும். வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாரும் அவளிடம் கேட்டார்கள். அவள் முப்பது வருடம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இதைத்தான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கப்பாகிட்ட இப்பப் போயி சொல்லாத" என்றாள்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் நாளைக் காலை யாராவது ஒருவர் பின்னால் ஏறுவீர்கள். ஏறுமுன் கேளுங்கள்: பின் டயரில் காற்று எப்போது பிடித்தது? இரண்டு பேருக்கு எவ்வளவு? ஸ்பிரிங் எத்தனையாவது படியில் இருக்கிறது? முடிந்தால் இருபக்கமும் கால் போட்டு உட்காருங்கள். உங்களுக்கும் ஹெல்மெட் வேண்டும். போகும் வழியில் வால் ஆடினால் சொல்லுங்கள். சிரித்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குங்கள்.