2024ஆம் ஆண்டில் என் மனத்தில் நின்றவை



படித்தவை, கேட்டவை, பார்த்தவை ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அண்மையில் 2024ஆம் ஆண்டின் பக்கங்களைப் புரட்டினேன். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. ஆயினும் இரண்டு படங்களும் ஒரு நாவலுமே இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை.

முதலாவது, மாரி செல்வராஜ் இயக்கிய 'வாழை'. தம் இளமைக்கால வாழ்வையே அவர் கதையாக்கியிருக்கிறார். சிவனணைந்தான் நன்றாகப் படிக்கும் சிறுவன். பள்ளி விடுமுறை நாள்களில் அவன் வாழைத்தார் சுமக்கச் செல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்காக ஏங்க, இவனோ பள்ளி திறக்கும் நாளுக்காக ஏங்குகிறான்.

அதைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்போது என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் திங்கட்கிழமைதோறும் மேசைமீது தலைசாய்த்து உறங்குவான். இரண்டு முறை அவனை வகுப்பின் பின்புறம் நிற்க வைத்திருந்தேன். இரவெல்லாம் கைப்பேசியில் விளையாட்டா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டும் இருந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. அந்த மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாகவே நான் கொண்டேன்.

மறுவாரம் அவனைத் தனியே அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை இரவு என்னப்பா செய்வாய்?" என்று கேட்டேன்.

சற்று நேரம் தயங்கி நின்றான். "அம்மாகூட பசார் மாலாம் போவேன் ஐயா. கடையைக் கட்டிட்டு வீட்டுக்கு வரப் பன்னிரண்டு மணி ஆயிடும்" என்றான்.

அவன் தாயார் இரவுச் சந்தையில் கச்சாங் பூத்தே விற்பவர். மாதக்கணக்கில் அவனுக்குப் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாது.

இரண்டாவது, பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. 'வாழை' வெளியான அதே நாளில், 2024 ஆகஸ்டு 23ஆம் தேதி, இதுவும் திரைக்கு வந்தது. வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கருதி, உறவினர்கள் அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கின்றனர். எல்லாரும் பேசுகின்றனர், அவள் மட்டும் ஏறக்குறைய வாய் திறப்பதேயில்லை. படத்தில் பின்னணி இசையும் கிடையாது. ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் குரலுமே நம் செவிக்கு எட்டுகின்றன. என் குறிப்பேட்டில் 'இசை' என்னும் தலைப்பின் கீழ் இப்படத்தையே எழுதி வைத்தேன். அவ்வாண்டில் எந்தப் பாடலையும் இவ்வளவு கூர்ந்து நான் கேட்டதில்லை.

மூன்றாவது, நம் நாட்டு எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. புதிய நூலன்று, மறுவாசிப்பு. ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைத்தனர். அதற்காக நம் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களின் கதை இது. 1957இல் வெளிவந்த 'க்வாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தின் வழி, போர்க்கைதிகளின் துயரை உலகம் அறிந்தது. நம்மவர் துயர் அதில் இடம்பெறவில்லை.

என் பாட்டியின் அண்ணனும் அவ்வாறு போய்த் திரும்பாதவரே. "சயாமுக்குப் போனாரு" என்பதற்கு மேல் பாட்டி ஒன்றும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இன்று கேட்பதற்குப் பாட்டி இல்லை.

அந்த மாணவனிடமாவது உரிய காலத்தில் கேட்டேனே என்பது ஓர் ஆறுதல். எல்லார் முன்னிலையிலும் ஏசியதால், எல்லார் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். தாயாரிடமும் பேசினேன். மகனைச் சற்று முன்னதாக வீட்டிற்கு அனுப்ப அவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் சில திங்கட்கிழமைகளில் அவன் உறங்கியதுண்டு. நான் நிற்க வைக்கவில்லை. ஓய்வு நேரத்தில் அருகில் அமர்த்திப் பாடத்தை மீண்டும் சொல்லிக் கொடுத்தேன்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு: 'வாழை'யின் முடிவு மனத்தை உலுக்குவது. பிள்ளைகளோடு உடனிருந்து பாருங்கள். பார்த்தபின் அவர்களைப் பேச விடுங்கள். 'கொட்டுக்காளி' பெரியவர்களுக்கானது.

உங்கள் மனத்தில் நின்ற நூல்களையும் படங்களையும் எனக்கு எழுதுங்கள்.