ஏலமலை அடிவாரத்தில் ஒரு குளியாளி

கீழக்கரையில் பிறந்தவனுக்குக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் காற்று சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில்தான், போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் என் முகம் தானாகவே காற்று வந்த பக்கம் திரும்பிற்று. மேற்கே மலை சுவர்போல் நின்றது. காற்று அதன் மேலிருந்து இறங்கி வந்தது. வறண்ட காற்று, உப்பு இல்லை. கடைவீதியை நெருங்கிய பிறகுதான் ஒரு மணம் எதிர்கொண்டது. பிரியாணிச் சட்டியைத் திறக்கும்போது நாம் அறிகிற ஏலக்காய் மணமேதான். ஆனால் இங்கே அது ஒரு தெரு முழுவதும், மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்தது.

என் தங்கையின் மகன் இந்த ஊருக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய தொழில் நீர்மூழ்குதல். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ஸ்கூபா என்கிறார்களே, அந்த முறையில் கடலடிக்குச் சென்று கட்டுமானங்களைப் பார்வையிடுவதும் பழுது நீக்குவதும் அவன் பணி. பத்து நாட்கள் தூத்துக்குடியில்; பத்து நாட்கள் போடியில். "கடலே இல்லாத ஊரில் கடலில் குளிக்கிற பிள்ளைக்கு என்ன வேலை? காக்கா, நீங்கள் நேரில் போய் அவனைக் கையோடு அழைத்து வாருங்கள்" என்று தங்கை கட்டளையிட்டாள். சென்ற ஆண்டு அவனுக்கு நேர்ந்த ஒரு விபத்துதான் அவளை அப்படிப் பேச வைத்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து போடிக்கு 1928ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010ஆம் ஆண்டு முடிவில் நிறுத்தப்பட்ட அந்தப் பாதை, 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடியை எட்டியது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று வண்டி செல்லச் செல்ல இருபுறமும் மானாவாரி நிலமும் கருவேலமும்தான். கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்து ஒருவன் குடியிருக்கலாமா என்ற எண்ணத்தோடுதான் நானும் இறங்கினேன்.

எங்கள் ஊர் வழக்கம் வாசகர்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். பெண்ணுக்கு வீடு கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து தங்குவார். போடியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் ராவுத்தர் குடும்பங்களிலோ பெண்தான் புகுந்த வீடு செல்வாள். என் மருமகன் மணந்தது கல்லூரியில் தன்னோடு படித்த போடி நண்பனின் தங்கையை. நிக்காஹ் முடிந்ததும் எங்கள் வழக்கப்படி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்கு அது இயல்பு. தெருவாருக்கோ அது வேடிக்கை. "வீட்டோடு மாப்பிள்ளை" என்று முதலில் சொன்னார்கள். தொழிலைக் கேட்டறிந்த பிறகு "உப்புத்தண்ணி மாப்பிள்ளை" என்று மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் "வாப்பா" என்று அழைத்து வளர்ந்தோம். அவனுடைய இரண்டு வயதுக் குழந்தை அவனை "அத்தா" என்கிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். ஒரு மனிதன் ஊர் மாறிவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

தொழில் மட்டும் மாறவில்லை. நான்கு தலைமுறையாக அவன் குடும்பத்தில் குளியாளிகள் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலங்களில் கீழக்கரைத் தோணிகள் இலங்கைக் கரைக்கும் செல்லும். 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் எங்கள் ஊராரோடு அரபு நாட்டுக் குளியாளிகளும் சேர்ந்து குளித்தனர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஐந்து பாகம், ஏழு பாகம் இறங்குவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைத்தால், மேலே தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே, அதாவது மச்சானையே வைத்துக்கொள்வார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதுண்டு. தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருக்கும்போது கை தளருமா?

தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு சலாபம் நின்றுபோயிற்று. பிறகு சங்கு குளித்தார்கள்; கடல் அட்டை எடுத்தார்கள். அட்டை பிடிப்பதும் 2001இல் தடை செய்யப்படவே, இவனுடைய வாப்பா மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார். மகன் சான்றிதழும் சிலிண்டருமாகக் கடலுக்குத் திரும்பினான்.

இனி அந்த விபத்து. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், மலையில் காய் எடுப்புத் தொடங்கியிருந்த நேரம். இவன் மூன்று நாட்கள் தொடர்ந்து இருபது மீட்டர் ஆழத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, மூன்றாம் நாள் நண்பகலில் கரையேறினான். கார் பிடித்து மஃரிபு வேளையில் போடி வந்து சேர்ந்தான். ஏல வியாபாரம் செய்யும் மச்சான் ஜீப்போடு வாசலில் நின்றார். "மச்சான், ஸ்டோரில் அடுப்பு எரிகிறது. இரவே மேலே போனால் காய் காய்வதைப் பார்த்துவிட்டுக் காலையில் இறங்கிவிடலாம்" என்றார். இவனும் ஏறிவிட்டான். போடிமெட்டை நெருங்கும்போது இடத் தோளில் வலி. பிறகு முழங்கை. பிறகு விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்வு. சிலிண்டர் சுமந்த வலி என்று எண்ணிப் பிடித்துவிட்டிருக்கிறார்கள். வலி ஏறவே, ஜீப்பைத் திருப்பி நள்ளிரவில் ஒரு மருத்துவரிடம் காட்ட, அவர் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

"மாமா, அவர் சொன்னது ஒருவகையில் சரிதான். வாயுதான். ஆனால் பெருங்காயத்துக்கு அடங்கும் வாயு இல்லை" என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

நீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் மேற்பரப்பின் காற்றழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அழுத்தம் மேலும் குறைந்தால், கோலி சோடாவைத் திறந்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழி கட்டும். அது மூட்டில் நின்றால் வலி. தண்டுவடத்தில் நின்றால் முடக்கம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் அமைப்பு 2002இல் கூட்டிய கருத்தரங்கின் பரிந்துரைப்படி, சாதாரணமாக ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாட்கள் மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். 2,000 அடிக்கு மேற்பட்ட உயரத்துக்கு இது பொருந்தும். விமானம் கூடாது என்பது இவனுக்கு மனப்பாடம். ஜீப்பும் ஒரு விமானம்தான் என்பது அன்றிரவு தோன்றவில்லை. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடி. போடிமெட்டோ நாலாயிரம் அடிக்கு மேல்.

ஒரே மூச்சில் இறங்கி ஏறிய இவனுடைய பாட்டனார் கரையேறிய கையோடு மலையேறியிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் உள்ளே கொண்டுபோனது ஒரு மார்பளவு காற்று மட்டுமே. சிலிண்டர் தந்த வசதிக்கு இப்படியும் ஒரு கணக்கு உண்டு.

மதுரையில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பிறகு அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை நடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பூரண குணம். சில மாதங்கள் கடலில் இறங்கக்கூடாது என்றார்கள். அந்த மாதங்களில் மச்சானின் கடையில் உட்கார்ந்து ஏலம் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டான். "பேசாமல் இங்கேயே இருந்துவிடுங்கள்" என்று மாமியார் வீட்டார் மன்றாடினார்கள். கடலுக்குத்தான் திரும்பினான்.

நான் போன மூன்றாம் நாள் மேலே சென்றோம். அவன் கரையேறி இரண்டு நாட்கள் கடந்துவிட்டன என்று மச்சான் விரல்விட்டு எண்ணிய பிறகே ஜீப் புறப்பட்டது. ஊரைத் தாண்டியதும் மாந்தோப்புகள், இலவ மரங்கள். பிறகு கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபக்கத்தில் தன் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. அதனால்தான் அடிவாரம் காய்கிறது, உச்சி நனைகிறது. காலை வேளையில் போடியிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தூக்குச்சட்டியோடு ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு இந்த வளைவுகளில் ஏறுகிறார்கள், அந்தியில் இறங்குகிறார்கள். அந்த நெரிசலைப் பார்த்தபோது, நம் தேநீரில் மிதக்கும் ஒற்றை ஏலக்காயின் விலை சந்தையில் சொல்லப்படுவது மட்டுமல்ல என்று தோன்றியது.

மெட்டில் கேரள எல்லை. அதைக் கடந்து பூப்பாறைப் பக்கம் தோட்டம். உயர்ந்த மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு மேல் ஏலச்செடிகள். காய் மேலே காய்க்காது. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில்தான் காய்க்கும். குனிந்து, உட்கார்ந்து, முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். எடுத்த பச்சைக்காயை ஸ்டோரில் வைத்துச் சூடேற்றி உலர்த்தினால் ஏறத்தாழ ஐந்து கிலோ ஒரு கிலோ ஆகும். உலர்ந்தது போடிக்கு இறங்கி ஏலத்துக்குப் போகும். அதில் ஒரு பங்கு அரபு நாடுகளுக்குச் சென்று கஹ்வாவில் கொதிக்கும்.

மருமகன் ஒரு செடியடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். பச்சை மங்கல், மிக உயரத்தில் அசையும் வெளிச்சம். "ஐந்து பாகத்தில் நின்று மேலே பார்த்தால் இப்படித்தான் இருக்கும், மாமா" என்றான். காய் எடுக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தபோது எனக்குச் சிப்பி வாரிய கைகள் நினைவுக்கு வந்தன. சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மச்சான் தம் ஊர்க் கதை சொன்னார். வெள்ளையர் காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து வண்டிகளில் போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, பின் கப்பல். மலைக்கும் கடலுக்கும் நடுவே எல்லாச் சரக்கும் போடியில் ஒருமுறை இறக்கி வைக்கப்பட்டே போயிருக்கிறது. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, மதுரை வழியாகத் தொண்டி செல்லும் இன்றைய நெடுஞ்சாலையும் ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிகிறது. "மச்சானையும் நாங்கள் ஒரு நாள் இறக்கி வைக்கிறோம், அவ்வளவுதான்" என்றார்.

அது வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது. "கடல்ல இருந்து வந்தா முழுசா ஒரு நாள் என் கண்ணு முன்னாடி இருக்கணும், அண்ணே. அதுக்கு முன்னாடி மலைப் பேச்சே கூடாது" என்று மாமியார் என்னிடம் உறுதியாகச் சொன்னார். மச்சான் தம் ஏலக்கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பச்சைக்காய் எடை, கூலி, விறகு என்று வரிசையாக எழுதியிருந்த பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் தேதியும் நேரமும் இருந்தன. மருமகன் ஒவ்வொரு முறையும் கடைசியாக நீரிலிருந்து எழுந்த நேரம். தூத்துக்குடியிலிருந்து தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்வாராம். ஜீப்பின் சாவி அந்த நோட்டின் மேல்தான் இருக்கும்.

ரயில் நிலையத்திலிருந்து தங்கையை அழைத்தேன். "அவன் வரவில்லையா?" என்றாள்.

"வரவில்லை. கயிற்றை மச்சான்தான் பிடித்திருக்கிறார்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எட்டு மில்லி காய் நன்றாக இருக்குமாமே. பெருநாளைக்கு வரும்போது அரைக் கிலோ கொண்டுவரச் சொல்லுங்கள், காக்கா" என்றாள்.