"டிக்ளேர் பண்ணியாச்சா, டாக்டர்?"

கேஷுவாலிட்டி ட்யூட்டியில் சிஸ்டர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. எதை டிக்ளேர் பண்ணணும்னு சொல்ல மாட்டாங்க. சொல்லத் தேவையில்லை. மரணத்தைத்தான்.

இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி இன்னைக்குக் கொஞ்சம் பேசலாம்.

ஸ்டேஷன்ல ரயில் வருதுன்னு அனௌன்ஸ் பண்றாங்க. அது தகவல். மைக்கில் யார் சொன்னாலும் ஒண்ணுதான். டிக்ளேர் அப்படி இல்லை. சொல்ல அதிகாரம் உள்ளவர் சொன்னால்தான் செல்லும். சொன்ன பிறகு அதற்கு அவரே பொறுப்பு.

டெஸ்ட் மேட்ச்ல கேப்டன் டிக்ளேர் பண்ணா, விக்கெட் மிச்சம் இருந்தாலும் இன்னிங்ஸ் முடிஞ்சது. அதையே தண்ணி கொண்டு வர்ற பன்னிரண்டாவது ஆள் சொன்னா யாரும் பெவிலியனுக்குத் திரும்ப மாட்டாங்க.

மருத்துவத்தில் இந்த வார்த்தைக்கு இன்னும் கனம் அதிகம். பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். ஆனா நோய் ஒழிந்துவிட்டதுன்னு உலக சுகாதார சபை டிக்ளேர் பண்ணது 1980 மே 8-ம் தேதி. நடுவுல இரண்டரை வருஷம். வேற எங்கேயாவது ஒளிஞ்சிருக்கான்னு தேடிப் பார்த்து, உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தாங்க.

மரணமும் அப்படித்தான். நாடி, மூச்சு, இதய ஒலி, டார்ச் அடிச்சா கண்பாவை சுருங்குதா, ஈசிஜி நேர்கோடா, எல்லாம் பார்த்த பிறகே நேரம் எழுதுவோம். உறுப்பு தானத்துக்காக மூளைச்சாவு டிக்ளேர் பண்ண இன்னும் கடுமையான சட்டம். நாலு டாக்டர்கள் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதனை.

நோயாளியே டிக்ளேர் பண்ற இடமும் ஒண்ணு இருக்கு. மரண வாக்குமூலம், இங்கிலீஷ்ல டையிங் டிக்ளரேஷன். பெரும்பாலும் மாஜிஸ்ட்ரேட் வந்து பதிவு செய்வார். நோயாளி தெளிவான மனநிலையில் பேசுகிறாரான்னு சான்று தருவதுதான் எங்க வேலை.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கு. இல்லாத ஒண்ணை ஒரு ராத்திரி கத்துக்கிட்டேன்.

அப்போ நான் ஹவுஸ் சர்ஜன். மாரடைப்போட ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். ரொம்ப நேரம் சிபிஆர் கொடுத்தும் இதயம் திரும்ப ஓடலை. சீனியர் டிக்ளேர் பண்ணி, கேஸ் ஷீட்ல நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். வெளியே நின்ன மனைவிகிட்ட சொல்ல என்னை அனுப்பினார்.

"அம்மா, எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்மா. ஹார்ட் நின்னுடுச்சு" என்றேன்.

அவங்க தலையாட்டினாங்க. கையில் வயர் கூடை. "சரிங்க சார். மத்தியானத்துலருந்து ஒண்ணும் சாப்பிடல அவரு. முழிச்சதும் இட்லி குடுக்கலாங்களா?"

எனக்குப் பேச்சு வரலை. பக்கத்துல துடைச்சுக்கிட்டு இருந்த ஆயாம்மா மாப்பைக் கீழே வச்சிட்டு வந்து, அவங்க தோளைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. "உன் வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா."

அப்புறம்தான் அந்த அழுகை வந்துச்சு.

டிக்ளேர் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். அதுக்குள்ள இருக்கிற 'க்ளாரஸ்' என்றால் தெளிவு. தெளிவாக்குவதுதான் டிக்ளேர். அன்னைக்குக் காகிதத்தில் சட்டப்படி எல்லாம் சரியா நடந்திருந்தது. ஆனா அந்த அம்மாவுக்குத் தெளிவாக்கினது அதிகாரம் எதுவும் இல்லாத ஆயாம்மா.

இப்போ நான் முதல்ல அவங்களை உட்கார வைக்கிறேன். நானும் உட்காருறேன். எக்ஸ்பயர், கொலாப்ஸ் எதுவும் கிடையாது. "இறந்துட்டார்" என்ற வார்த்தையைச் சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் அது சுலபமா வரலை.

உங்ககிட்ட ஒரு டாக்டர் சுத்தி வளைச்சுப் பேசினா, "உயிர் இருக்கா இல்லையா, தெளிவா சொல்லுங்க"ன்னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம். சொல்ல வேண்டியது எங்க கடமை.