நின்றது எது என்று கேட்கும் வேலை

நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பைகளின் செயல் குன்றிப்போவதை, அதாவது கருமுட்டை முதிர்ந்து வெளிவருவதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு ஊறுவதும் தடுமாறிக் கடைசியில் நின்றுவிடுவதை, முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. நூறு பெண்களில் ஒருவருக்கு இது நேர்கிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன; அண்மைக்காலத் தொகுப்பாய்வுகளோ அந்த அளவை 3.5 விழுக்காட்டை ஒட்டி வைக்கின்றன. மன்னார்குடி போன்ற ஊரில் மகளிர் மருத்துவம் பார்ப்பவருக்கு இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு வியப்பளிக்காது. ஒரு பெண் இந்தக் கணக்கில் சேர்வதும் சேராமல் நழுவுவதும் பெரும்பாலும் அவரிடம் ஒரு கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது அந்த மருத்துவரின் அன்றாட அனுபவம். மாதவிலக்கு நின்றுவிட்டது என்பது ஒரு செய்தி. நின்றது கருப்பையின் வேலையா, சினைப்பையின் வேலையா, மூளையின் அடியிலிருந்து வரவேண்டிய கட்டளையா என்பது முற்றிலும் வேறு செய்தி.

ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே ஒரு பெண்ணின் சினைப்பைகளில் அறுபது எழுபது லட்சம் முட்டை அணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை பத்து முதல் இருபது லட்சமாகவும், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சமாகவும் குறைகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே. அவற்றை வளரத் தூண்டுவது மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி அனுப்பும் எஃப்.எஸ்.எச். என்னும் சுரப்புநீர். சினைப்பை பதில் தராதபோது பிட்யூட்டரி அந்தச் சுரப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆகவே இரத்தத்தில் அது உயர்ந்திருந்தால் குறை சினைப்பையில், தாழ்ந்திருந்தால் குறை மேலே, இயல்பாக இருந்தும் விலக்கு வரவில்லை என்றால் கருப்பையின் உட்படலத்திலும் இருக்கலாம் என்று மருத்துவர் முதல் பிரிவினையைச் செய்கிறார். கடைமடை வயல் காய்ந்தால் அணை திறக்கவில்லையா, வாய்க்கால் தூர்ந்துவிட்டதா, வயலே உவராகிவிட்டதா என்று மூன்று இடங்களில் பார்க்கும் பழக்கமுள்ள ஊரில் இதை விளக்குவது கடினமன்று. மூன்றாம் வகையை இந்திய மருத்துவர் மறக்கவே கூடாது: கருப்பையைத் தாக்கும் காசநோய் உட்படலத்தைத் தழும்பாக்கி விலக்கை நிறுத்தும்போது சினைப்பைகள் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும்.

பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1942இல் இந்நிலையை விவரித்தபோது செய்ததும் இந்தப் பிரிவினையைத்தான். வளர்ச்சி குன்றிய, வயதுக்கு வராத பெண்களின் சிறுநீரில் பிட்யூட்டரியின் தூண்டுநீர் மிகுந்திருப்பதைக் கண்டு, பழுது பிட்யூட்டரியில் இல்லை, முதலிலேயே சினைப்பையில் இருக்கிறது என்று அவர்கள் நிறுவினார்கள். இன்று ஒரு குப்பி இரத்தத்தில் விடை கிடைக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய, உலக அமைப்புகள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாற்பதுக்குக் குறைந்த வயதில் நான்கு மாதங்களாவது விலக்கு ஒழுங்கற்றோ இல்லாமலோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25 அலகுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஒரே சோதனை போதும். ஐயம் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம்.

விதி எளியதாகத் தோன்றுவதற்குக் காரணம், அந்த நான்கு மாதங்களை யார் எண்ணித் தருவது என்பது அதில் சொல்லப்படாமல் இருப்பதே. நீடாமங்கலத்திலிருந்தோ கோட்டூரிலிருந்தோ வரும் பெண் தேதி சொல்வதில்லை. கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாய் என்று கேட்டால் குறுவை நடவுக்கு முன்னால், ஆடிப்பெருக்குக்கு மறுவாரம், பங்குனி வெண்ணெய்த்தாழி அன்றைக்கு என்றுதான் விடை வரும். இவை துல்லியமற்ற விடைகள் என்று இளம் மருத்துவர்கள் எண்ணுவதுண்டு, ஆனால் திருவிழாத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட முடியும் என்பதால், "போன மாதம் பத்தாம் தேதி வாக்கில்" என்ற விடையைவிட இவை நம்பத்தக்கவை. உண்மையான இடர்ப்பாடு அடுத்த கேள்வியில் இருக்கிறது. வந்தது தானாக வந்ததா, மாத்திரை போட்டு வந்ததா? கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையும், வராத விலக்கை வரவழைக்கும் மாத்திரையும் மருந்துக்கடையில் சீட்டின்றிக் கேட்டு வாங்கப்படுகின்றன. மாதாமாதம் பத்து நாள் மாத்திரை விழுங்கி, நிறுத்தியதும் வரும் உதிரத்தைத் தன் உடம்பின் ஒழுங்கு என்று நம்பும் பெண்ணிடம் "மாதவிலக்கு சரியாக வருகிறதா" என்று கேட்டால் "சரியாக வருகிறது" என்பதே நேர்மையான பதில். அவருடைய சினைப்பைகள் செயலிழந்து இரண்டாண்டுகள் ஆகியிருக்கலாம்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் எஃப்.எஸ்.எச். அளவையே அழுத்திவிடுவதால், அவற்றை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். இன்னொரு மறைப்பு அண்மையில் சேர்ந்திருக்கிறது. முடி கொட்டுகிறது என்று பெண்கள் விழுங்கும் பயோட்டின் மாத்திரை, அதே பயோட்டினின் பிணைப்பைக் கொண்டு இயங்கும் ஆய்வகக் கருவிகளில் எஃப்.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்தும், ஈஸ்ட்ரோஜன் அளவைப் பொய்யாகக் கூட்டியும் காட்டக்கூடும். இயல்பான அறிக்கை என்று முத்திரை குத்தி வரும் தாளை நம்புவதற்கு முன், பெண்ணின் கைப்பையிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லிப் பார்ப்பது ஆய்வகம் செய்ய முடியாத ஒரு சோதனை.

ஒற்றைக் கேள்வியின் இந்தப் பலவீனம் நாட்டளவிலான கணக்கெடுப்புகளிலும் படிந்திருக்கிறது. பெங்களூரிலுள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சியாமளாவும் உடன் ஆய்வாளர் சிவகாமியும் 1998-99ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுத் தரவைக் கொண்டு, இந்தியப் பெண்களில் கணிசமானோர்க்கு நாற்பதுக்கு முன்பே விலக்கு நின்றிருப்பதை 2005இல் எழுதிக் கவனப்படுத்தினார்கள். அது தேவையான எச்சரிக்கை. ஆனால் அத்தகைய கணக்கெடுப்புகளின் விடைத்தாளில் மெனோபாஸ் அடைந்தவரும் கருப்பை எடுக்கப்பட்டவரும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். கருப்பை எடுத்தாரா என்று தனியே கேட்ட 2015-16 ஆய்வில்தான் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினருக்கும், ஆந்திரத்தில் 8.9 விழுக்காட்டினருக்கும் அந்த அறுவை நடந்திருப்பது தெரியவந்தது. கருப்பையை இழந்தவரின் சினைப்பைகள் உள்ளேயே விடப்பட்டிருந்தால் அவை இயங்கிக்கொண்டிருக்கலாம், எனினும் இரத்த ஓட்டம் குறைவதாலோ என்னவோ அவை மற்றவர்களுடையதைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்வதைத் தொடராய்வுகள் காட்டுகின்றன. விலக்கு என்ற அடையாளமே இல்லாத அவருக்கு அது எப்போது நேர்ந்தது என்பதை எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காது. ஆக, ஒரு பக்கம் செயலிழக்காதவர்கள் எண்ணப்படுகிறார்கள், மறுபக்கம் மாத்திரையால் உதிரம் காண்பவர்கள் விடுபடுகிறார்கள். இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

காரணம் தேடும் கட்டத்திலும் மருத்துவரின் கருவி கண்ணும் கேள்வியுமே. எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருக்கும் டர்னர் நிலை, புற்றுநோய்க்குத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள், இருபக்கச் சினைப்பைகளிலும் இரத்தக்கட்டி நீக்கச் செய்த அறுவை ஆகியவை எளிதில் வெளிப்பட்டுவிடும். உடலின் எதிர்ப்பாற்றலே சினைப்பையைத் தாக்கும் வகையில் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்து பழுதாகலாம்; அதன் அறிகுறிகளான மேனி கறுத்தலும் மயக்கமும் வெயிலில் நாற்று நடுபவரிடம் வேலையின் களைப்பாகவே கணக்கிடப்படும் என்பதால், வெயில் படாத ஈறிலும் உள்ளங்கை ரேகையிலும் கருமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடையும் எக்ஸ் என்னும் மரபணுக் கோளாற்றின் முன்மாற்றத்தைச் சுமக்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பைச் செயலிழப்பு வருகிறது. எனவே உடன்பிறந்தாரின் பிள்ளைகளில் யாருக்கேனும் அறிவு வளர்ச்சி குன்றியதா என்பதோடு, அதே முன்மாற்றத்தால் முதுமையில் கைநடுக்கமும் தள்ளாட்டமும் கண்ட தாத்தா உண்டா என்றும் கேட்கப்படுகிறது. அந்தத் தாத்தாவுக்கும் பேத்தியின் விலக்குக்கும் என்ன தொடர்பு என்று வீட்டார் விழிப்பது இயல்பே.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலோரிடம் காரணம் தெரிவதில்லை. தெரியாதவற்றில் ஒரு பங்கு ஒடுங்கு மரபணுக்களில், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் மாற்றங்களில் இருக்கலாம். எஃப்.எஸ்.எச். ஏற்பியின் மாற்றம் 1995இல் ஃபின்லாந்துக் குடும்பங்களிலும், எஸ்.டி.ஏ.ஜி.3 என்ற மரபணுவின் மாற்றம் 2014இல் உறவுக்குள் மணந்த மேற்காசியக் குடும்பம் ஒன்றிலும் கண்டறியப்பட்டன. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் 2019-21 கணக்கெடுப்பிலும் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நிலைத்திருக்கும் தமிழ்நாடு இத்தகைய தேடலுக்கு உரிய இடம். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தைப் பொறுமையாக வரைய ஆள்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்நோயைச் சிகிச்சை அறையிலிருந்து ஆய்வேட்டுக்குக் கொண்டுபோனவர்களுள் சென்னையின் கமலா செல்வராஜ் குறிப்பிடத்தக்கவர். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990 ஆகஸ்டில் பிறக்கக் காரணமாயிருந்த அவர், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பும் அதைக் கையாளும் முறையும்தான். அந்தக் கையாளுதலின் மையம் தானக் கருமுட்டை. மெல்போர்னின் மோனாஷ் குழு 1984இல் அறிவித்த முதல் வெற்றியும் சினைப்பை செயலிழந்த இளம்பெண் ஒருவரிடமே நடந்தது. ஒருவர் பெறும் முட்டை இன்னொருவர் உடலிலிருந்து வருவது என்பதை 2022இல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கு நினைவூட்டியது. பதினாறு வயதுச் சிறுமியிடம் கருமுட்டை திரும்பத் திரும்ப எடுத்து விற்கப்பட்டிருந்தது. 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒருமுறை, ஏழு முட்டைகளுக்கு மிகாமல் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வரம்பிட்டிருந்தது.

தானமுட்டைக்கு முன்னால் பேசவேண்டிய இரண்டு பேச்சுகள் அவசரத்தில் விடுபடுகின்றன. சினைப்பை அடியோடு அணைந்துவிடாமல் இடையிடையே விழிப்பதுண்டு என்பதால் இப்பெண்களில் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினர் தாமாகவே கருத்தரிக்கிறார்கள். கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வீட்டில் அந்த வாய்ப்பும் சுருங்குகிறது. சினைப்பைக்குள் இரத்தத் தட்டணுச் சாறும் குருத்தணுவும் செலுத்திப் புத்துயிர் ஊட்டுவதாகப் பெருநகரங்களில் விற்கப்படும் முறைகளுக்கு இன்னும் உறுதியான சான்று இல்லை. மற்றொன்று, பிள்ளை வேண்டுமோ வேண்டாமோ, எலும்பையும் இதயத்தையும் காக்க இயல்பான மெனோபாஸ் வயது வரை, ஏறத்தாழ ஐம்பது வரை, ஈஸ்ட்ரோஜன் தரப்பட வேண்டும் என்பது. முதியோருக்குத் தரும் சுரப்பு மருந்தைப் பற்றிய புற்றுநோய் அச்சத்தை இருபத்தெட்டு வயதுப் பெண்மீது ஏற்றி, "கர்ப்பப்பை சின்னது, இனி மாத்திரை எதற்கு" என்று வீட்டார் நிறுத்திவிடுவதே நடைமுறையில் மிகுதி.

நோய் உறுதியானபின் தாயார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் தங்கையைப் பற்றியது. அவளுக்கும் பார்த்துவிடலாமா, பரிசம் போட நாள் பார்த்திருக்கிறோம். எஞ்சிய முட்டைகளின் அளவைக் குறிக்கும் ஏ.எம்.எச். சோதனை எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் ஒழுங்காக விலக்கு வரும் பெண் எப்போது கருத்தரிப்பாள் என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. குறைந்த எண் ஒன்று தாளில் அச்சாகிவிட்டால் நிச்சயதார்த்தம் முறிவதற்கு அதுவே போதும். இருந்தும், அக்காளிடம் மரபணுக் காரணம் தெரிந்திருந்தால் சொல்லாமல் விடுவதும் தங்கைக்குச் செய்யும் அநீதி. பதினெட்டு நிறைந்த தங்கை தானே வந்து, தாயார் வெளியே அமர்ந்திருக்க, என்ன பார்க்கப்போகிறோம், பார்த்தால் என்ன செய்யலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதித்தால் மட்டுமே இரத்தம் எடுப்பதும், அறிக்கையை அவள் கையில் மட்டுமே கொடுப்பதும் இவ்வூர் மருத்துவர் கடைப்பிடிக்கத்தக்க முறை. தாயார் வருந்துவார், அடுத்த தெருவில் இன்னொரு ஆய்வகத்துக்கு அழைத்துப்போகவும் கூடும்.