சீலோவாம் கோபுரமும் நம் ஊர்க் கண்மாயும்

உறவினரைக் காண இலங்கை சென்றிருந்த நாம், தவக்காலத் தொடக்கத்தில் மதுரை விமான நிலையத்தில் இறங்கி, அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி வந்து சேர்ந்தோம். வழியெங்கும் சீமைக்கருவேலங் காடு. குண்டாற்றிலோ வெறும் மணல். பிரளய வெள்ளம் சுழித்துப் பூமிக்குள் இறங்கிய தலம் என்று புராணம் கூறும் இவ்வூர், ஆண்டின் பெரும்பகுதி மழைக்காக வானத்தை நோக்கியிருக்கிறது.

வீடு வந்த பின்பும் நம் நெஞ்சம் நீர்கொழும்பிலேயே நின்றது. அங்கே கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் கோவிலில் முழந்தாளிட்டுச் செபித்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, பூசை வேளையில் வெடித்த குண்டு அக்கோவிலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பின்னர்த் தென்கரையில் பெரலிய என்ற சிற்றூரையும் கண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகைவண்டி ஒன்றைப் புரட்டிப்போட, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட இடம் அது.

இவற்றைக் கேட்ட அண்டை வீட்டு அம்மையார், “என்ன பாவம் செய்தார்களோ!” என்று பெருமூச்செறிந்தார்.

இதே எண்ணத்தை நம் ஆண்டவரும் எதிர்கொண்டார். பலி செலுத்துகையில் பிலாத்துவினால் கொல்லப்பட்ட கலிலேயர். சீலோவாமில் கோபுரம் சரிந்து மடிந்த பதினெண்மர். ஒன்று மனிதன் இழைத்த கொடுமை, மற்றொன்று விபத்து. மாண்டவர் ஏனையோரைவிடப் பாவிகளல்லர் என்று உரைத்த இயேசு, கேட்டு நின்றவர்களையே மனந்திரும்ப அழைத்தார் என்கிறது லூக்காஸ் நற்செய்தி.

எதிலிருந்து மனந்திரும்புவது? சுமத்திராவுக்கருகே கடலடி நிலம் நடுங்கி, இலங்கைக் கரையை அலை எட்டச் சுமார் இரண்டு மணி நேரமாயிற்று. ஆயினும் எச்சரிக்கும் ஏற்பாடு அன்று இந்துமாக்கடலில் இல்லை. 2019இலோ எச்சரிக்கை முன்னதாகவே வந்திருந்தது; பொறுப்பிலிருந்தோர் தடுக்கத் தவறினர். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோரை இழப்பீடு வழங்குமாறு பணித்தது. நம் சென்னை மாகாணத்தை வாட்டிய 1876–78 பஞ்சமும் இத்தகையதே. மழை பொய்த்தது இயற்கை. மக்கள் பட்டினியில் மடிகையில் தானியம் கப்பலேறியதும், நிவாரணக் கூலி குறைக்கப்பட்டதும் மனிதர் செயல்.

பிறரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? கடந்த ஆடியில் ஊரார் கூடி, தூர்ந்துபோன வரத்துக்காலை வெட்ட அழைத்தனர். பயண ஏற்பாடுகளைக் காரணங்காட்டி நாம் ஒதுங்கினோம்; நம்மைப் போலவே வேறு பலரும் ஒதுங்கினர். வேலை பாதியில் நின்றது. ஐப்பசியில் பெய்த மழைநீர் கண்மாயை எட்டாமல் கருவேலங் காட்டிலேயே பாய்ந்து வீணாயிற்று. இன்று மடையருகே நெல் பயிரிட்டவர் வீட்டில் கடன்தான் மிச்சம். வானத்தைக் குறைசொல்ல நமக்கு நாவெழவில்லை.

சீலோவாமைப் பற்றிப் பேசிய ஆண்டவர், உடனே காய்க்காத அத்திமரத்தின் உவமையைக் கூறினார். வெட்டப்படவிருந்த மரத்துக்காகத் தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு கேட்டான். சுற்றிலும் கொத்தி எருவிடுவதாக வாக்களித்தான்.

அன்பர்களே, அந்த ஓராண்டு நமக்கும் அருளப்பட்டிருக்கிறது. கட்டுவாப்பிட்டியவிலும் பெரலியவிலும் மாண்டோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம். வரும் ஆடிக்குள் வரத்துக்காலில் எஞ்சிய வேலையை முடிக்க, மண்வெட்டியோடு முதலாளாய்ச் செல்வதென்று இத்தவக்காலத்தில் உறுதி பூண்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் தூர்ந்துகிடக்கும் கால் ஒன்று இருக்கும், சென்று பாருங்கள்.